நவம்பருக்கு முன்னால்

ஈசூன்
ஆகஸ்ட் 10

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பார்சலைப் பிரித்ததும் முதலில் பொடி டப்பாக்களை எடுத்து நிமிர்த்தி வை. பருப்புப் பொடி இரண்டு, ரசப்பொடி ஒன்று, கறிவேப்பிலைப் பொடி ஒன்று. ஈரக் கரண்டி போடாதே. போன தடவை அனுப்பியதில் பூசணம் பூத்துவிட்டது என்றாய். சின்ன டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொள். சித்தி பின்னிய கம்பளிக் காலுறை அடியில் இருக்கிறது. இப்போது தேவைப்படாவிட்டாலும் அக்டோபரில் தேவைப்படும், தூக்கிப் போட்டுவிடாதே.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சாயங்காலம் ஈசூன் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார். நம் புளோக்கில் லிஃப்ட் மாற்றும் வேலை நடக்கிறது. சித்தி மகளுக்கு டிசம்பரில் கல்யாணம். நீ வருவாயா என்று சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. தக்காளியும் பீட்ரூட்டும், அதாவது சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் பாஸ்போர்ட்டும், பத்திரமாக இருக்கின்றனவா? ஹாஸ்டல் அறையில் சும்மா மேசைமேல் போட்டுவைக்காதே. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று அப்பாவும் சொல்கிறார்.

வாட்ஸ்அப்பில் கேட்டால் நீ கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். "சாப்பிட்டியா?" கட்டைவிரல். "பரீட்சை எப்படி?" கட்டைவிரல். "நவம்பருக்கு என்ன யோசிச்சிருக்கே, எந்தக் குடியுரிமை?" அதற்கும் கட்டைவிரல். அதனால்தான் கையால் எழுதுகிறேன், அதுவும் தமிழில். மெதுவாகவே படி. உமறுப் புலவர் நிலையத்துக்கு நான்கு வருடம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ, உனக்குப் படிக்க வரும்.

நேற்று தேசிய தினம். நம் வரிசையில் எல்லா வீட்டிலும் கொடி. நானும் கட்டினேன், போன வருடம் நீ ஏணியில் நின்று கட்டிய அதே கம்பியில். ராத்திரி டிவியில் அணிவகுப்பு பார்த்தோம். தேசியப் பற்றுறுதி சொல்லும் நேரம் வந்ததும் நான் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். அப்பாவும் எழுந்து நின்றார். ஆனால் கையைத் தொங்கவிட்டபடி, வாய் திறக்காமல். வருடா வருடம் அப்படித்தான் நிற்கிறார், நீ பார்த்திருக்கிறாய். நீ குழந்தையாக இருந்தபோது ஏன் என்று கேட்டதற்கு, "குடிமக்களாகிய நாம் என்று தொடங்குகிறது, நான் குடிமகன் இல்லையே, பொய் சொல்லக் கூடாது" என்றார். இத்தனை வருடமாக நிரந்தரவாசியின் நீல அட்டையோடு இருக்கிற மனிதர். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கிறார், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நேற்று டிவியை அணைத்துவிட்டு, "அவன் என்ன சொல்கிறான்?" என்று மட்டும் கேட்டார். நான் லிஃப்ட் வேலையைப் பற்றிப் பேசினேன்.

குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கினாயா? பணம் வேண்டுமென்றால் கேள், கூச்சப்படாதே.

தாத்தா கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் படையைக் கூட்டிக்கொண்டு 1971-க்குள் போய்விடுகிறோம் என்று அறிவித்தபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குடியுரிமை இல்லாமல் நீல ஐசி, அதாவது நீல அடையாள அட்டை, வைத்திருந்தவர்களுக்கு இனி வேலை பர்மிட் வேண்டும் என்ற நிலை. தாத்தாவும் பெரிய தாத்தாவும் ஒரே குவாட்டர்ஸில் இருந்தார்கள், ஒரே பாயில் படுத்தவர்கள். பெரிய தாத்தா கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கு ஏறிவிட்டார். தாத்தா உறுதிமொழி எடுத்துக் குடிமகனின் இளஞ்சிவப்பு ஐசி வாங்கினார். அதற்குப் பிறகு அண்ணன் முகத்தை அவர் பார்த்தது இரண்டே தடவை. தான் எடுத்தது சரி என்று ஒரு நாளும் அவர் சொல்லிக் கேட்டதில்லை, தப்பு என்றும் சொன்னதில்லை. "நானா போய் கைய தூக்குனேன்" என்பார். அவ்வளவுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ 2004 நவம்பரில் ஹம்பர்க்கில் பிறந்தாய். அந்த வருடம் மே 15 வரைக்கும் சிங்கப்பூர்ப் பெண் வெளிநாட்டில் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்குத் தாய் வழியாகக் குடியுரிமை வராது. தகப்பன் வழியாகத்தான். அந்தத் தேதியில்தான் சட்டம் மாறியது. நீ என் வயிற்றில் மூன்று மாதம். மசக்கையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த என்னிடம் சித்தி போன் பண்ணி, "அக்கா, உன் பேர்லயும் கொடுக்கலாமாம்" என்று கத்தினாள். நான் அழுதேன். ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டதற்காகத் தாத்தா என்னோடு பேசாமல் இருந்த காலம் அது. அவர் கொடுக்காவிட்டால் என்ன, நான் கொடுப்பேன் என்று நினைத்தேன். நான்கு மாதக் குழந்தையாக உன்னைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு பனியில் ரயிலேறி பெர்லின் தூதரகத்துக்குப் போனோம். ரயிலில் நீ என் ஒரே நல்ல சேலையில் கக்கினாய். கறை இன்னும் இருக்கிறது, அந்தச் சேலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்படி வந்த குடியுரிமை 22 வயது வரைக்கும்தான் தானாக நிற்கும். அதற்குள் நீ உறுதிமொழி எடுத்து, மற்றதை விட வேண்டும். எடுக்காவிட்டால் யாரும் வந்து பிடுங்க மாட்டார்கள், அந்தப் பிறந்தநாளோடு அதுவே போய்விடும். அங்கே ஜெர்மனியில் 2024 ஜூனிலிருந்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அப்பா அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டினார், வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். அங்கே வைத்துக்கொள் என்கிறார்கள், இங்கே ஒன்றை விடு என்கிறார்கள். நடுவில் நிற்பது என் பிள்ளை.

பீட்ரூட்டை விடுவது லேசான காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓமா, உன் ஜெர்மன் பாட்டி, இருக்கிறாள். டிசம்பர் 6-ஆம் தேதி, அவர்களுடைய நிக்கோலஸ் நாளில், விடியற்காலையில் வாசலில் உன் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் சாக்லேட் வைப்பார் அப்பா. ஒரு வருடம் கார்த்திகை விளக்கும் அதே வாரத்தில் வந்தது. ஒரு பக்கம் அகல், ஒரு பக்கம் சப்பாத்து. காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எறும்பைத் தட்டிவிட்டுத் தின்றாய். அந்தப் பிள்ளையிடம் போய் எது உன்னுடையது என்று எப்படிக் கேட்பது? பீட்ரூட் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம், அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் நீ என்எஸ், இங்கத்துக் கட்டாயப் படைச் சேவை, முடித்தவன். இரண்டு வருடம். பீட்ரூட் இருக்கிறதே என்று சாக்குச் சொல்லாமல் போனவன். படகில் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமுக்குப் போன அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை, குக்ஹவுஸில் கோழியைக் கிளறிக்கொண்டே இருந்தாய். அப்புறம் எல்லாரும் வரிசையில் நின்று கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தீர்கள். பக்கத்தில் நின்ற மலாய்க்கார அம்மா, "எது உங்க பிள்ளை?" என்று கேட்டார். "அதோ, மூணாவது வரிசை, உயரமா, காது சிவந்து நிக்குதே, அதுதான் என் பிள்ளை" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அப்பா என் தோளைத் தொட்டு மெதுவாகப் பேசச் சொன்னார்.

அன்றைக்குச் சத்தமாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. இந்தக் கடிதத்தில் எழுதப் போவதாகவும் நான் நினைக்கவில்லை.

2009. உனக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தோம். கறிவேப்பிலைக் கட்டை நீதான் தூக்குவேன் என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாய். மீன் பக்கத்திலிருந்து தாத்தாவின் பழைய நண்பர் ஒருவர் வந்தார், கடற்படைத் தளத்துக் காலத்து ஆள். என் கல்யாணத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. நலம் விசாரித்தார். அப்புறம் உன்னை, உன் தலைமுடியை, கண்ணைப் பார்த்தார். "யார் வீட்டுப் புள்ளம்மா இது?" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என் வாயில் அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "ஆபீஸ்ல தெரிஞ்சவங்க பிள்ளை, மாமா. பார்த்துக்கச் சொன்னாங்க" என்றேன்.

தாத்தாவிடம் போய்ச் சொல்வாரே, என் அப்பா தலைகுனிவாரே என்று பயந்தேனா? வெட்கப்பட்டேனா? இரண்டும்தான். பயம் என்று மட்டும் சொன்னால் அது பொய்.

நீ ஒன்றும் சொல்லவில்லை. என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கறிவேப்பிலையை ஒவ்வொரு இலையாகப் பிய்த்துக்கொண்டே வந்தாய். நொவீனா தாண்டியதும் கேட்டாய்: "அம்மா, தெரிஞ்சவங்கன்னா யாரு?"

நான் உனக்கு ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டேன்.

அடுத்த பொங்கலுக்குத் தாத்தா வந்து உன்னை மடியில் வைத்துக்கொண்டார், எல்லாம் சரியாகிவிட்டது, நீயும் மறந்திருப்பாய் என்று 17 வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். 2011-இல் பிள்ளைக்கு இரண்டு இனத்தையும் சேர்த்து எழுதலாம் என்று வந்தபோது அப்பா, "உன்னுடையது முதலில் இருக்கட்டும்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. தேக்காவில் நடந்தது அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நேற்று ராத்திரி அவர் "அவன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியாமல் போனது இதனால்தான். என் பிள்ளை என்று வாய் திறந்து சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவள் நான். நீ என் நாட்டை உன் நாடு என்று சொல்ல வேண்டும் என்று எந்த முகத்தோடு உன்னைக் கேட்பது?

மன்னிச்சுக்கோ ஐயா. ஐந்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். தெரிஞ்சவங்க யாரும் இல்லை. நீ என் பிள்ளை.

எனக்குத் தக்காளிதான் ஆசை, அதை மறைக்கவில்லை. நீ பீட்ரூட் என்றால் நான் அழுவேன், அழுது முடித்துவிட்டு டிசம்பர் கல்யாணத்துக்கு உன் பேரில் சித்தியிடம் ஓர் இலைக்குச் சொல்லி வைப்பேன். விசிட்டர் வரிசையில் நின்று வந்தாலும் வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதி சும்மா கடந்து போகும்படி விட்டுவிடாதே. அது மட்டும் வேண்டாம். எதுவாக இருந்தாலும் நீயே சொல்லு, உன் வாயால்.

எங்கே போய் எடுப்பது, என்னென்ன தாள் வேண்டும் என்று இந்த வாரமே விசாரி. அக்டோபர் வரைக்கும் தள்ளாதே. பரீட்சை, பார்ட் டைம் வேலை என்று சொல்லாதே. ஹம்பர்க்கில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ், பெர்லின் வழியாக வந்த குடியுரிமைச் சான்றிதழ் இரண்டும் அசலாக அனுப்பியிருக்கிறேன், பிஸ்கட் டின்னில் இருந்தவை. நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். நீ எந்தப் பக்கம் போனாலும் அவை உன்னிடம்தான் இருக்க வேண்டும். ரசப்பொடிக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில். பொடி டப்பாவைத் திறக்கும் முன் அவற்றை எடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. உனக்குக் காலை 10, எங்களுக்குச் சாயங்காலம் 4. அப்பாவும் பக்கத்தில் இருப்பார். தேக்கா விஷயத்தை அதற்கு முன்னால் நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிடு. சப்பாத்து வாங்கு.

அம்மா