பெட்டியின் மேலேயே எழுதிவிடலாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்கான படங்களை உருவாக்கித் தரும் தனி அட்டை) மாற்றலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "இவ்வளவு பழைய இயந்திரத்துக்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்கிவிடுங்கள்" என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இதே கேள்வியோடு மூன்று வாரம் அலைந்தவள் நான். அந்த வாசகருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் இதுவல்ல என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். அதற்காக 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் இது. நிறுவனமே எல்லாவற்றையும் பூட்டி, மூடி, சீல் வைத்து விற்ற பெட்டி. பிராசஸர் இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை, நான்கு கோர். இத்தனை வருடத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டேன், ராமை 16 ஜி.பி.யாக ஏற்றினேன். என் வேலைக்கு இன்றும் குறை சொல்ல முடியாது. கல்லூரியில் சேர்ந்த என் மகள் முப்பரிமாண வடிவமைப்பு கற்க ஆரம்பித்ததும்தான் சிக்கல் வந்தது. அதற்கான பிளெண்டர் இலவச மென்பொருள் என்பதால் முதலில் சந்தோஷப்பட்டோம். ஆனால் 2023 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு முதல், என் இயந்திரத்தில் இருப்பது போன்ற பிராசஸருக்குள்ளேயே அடங்கிய பழைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு அவள் ஒரு சைக்கிள் சக்கரத்தை வரைந்தாள். ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வரை பிழைத்தது. சக்கரத்தைத் திருப்பிப் பார்க்க மவுஸை நகர்த்தினால், கை நின்று இரண்டு நொடி கழித்துத்தான் திரையில் சக்கரம் அசைந்தது. வரைந்ததை ஒரே ஒரு முழுப் படமாக ஆக்க, அதாவது ரெண்டர் செய்ய, ஐம்பது நிமிடம் ஆனது.

சரி, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். விசாரித்ததில் ஜி.டி.எக்ஸ். 1650 போதும் என்றார்கள். 2019-இல் வந்தது, 4 ஜி.பி. மெமரி, 75 வாட்தான் இழுக்கும். பழைய பெட்டிகளுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கி வந்து அட்டைப்பெட்டியைத் திறந்தால், கார்டின் மேல் ஓரத்தில் ஆறு துளை உள்ள ஒரு கறுப்பு சாக்கெட். அதில் செருக எங்கள் கேபினெட்டுக்குள் ஒரு ஒயர்கூட இல்லை.

விற்றவரிடம் போனேன். "இதைப் போட்டால் போதும்மா" என்று ஒரு சிறிய மாற்று ஒயரைக் கொடுத்தார். ஒரு முனை ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் பிளக், மறுமுனை ஆறு பின் (உலோக முனை) கொண்ட பிளக். அன்று மாலை என் தம்பி வந்திருந்தான். அவன் எலக்ட்ரீஷியன். கம்ப்யூட்டர் அவன் தொழில் இல்லை, ஆனால் ஒயரைப் பார்த்தால் அது எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடுவான். கையில் வாங்கிப் பார்த்தவன், "அக்கா, இதை மட்டும் மாட்டிடாதே" என்றான். அவன் சொன்ன கணக்கை இங்கே எழுதுகிறேன், தங்கள் வாசகர்கள் பலருக்கு உதவும். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். ஒவ்வொன்றும் தாங்குவது ஒன்றரை ஆம்பியர். மூன்றும் சேர்ந்து நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட். ஆறு பின் சாக்கெட் வழியாகக் கார்டு 75 வாட் வரை கேட்கலாம். அந்தத் தட்டையான மெல்லிய பின்கள் சூடாகி, பிளாஸ்டிக் உருகி, நெருப்புப் பிடிப்பதற்கு அதுவே போதும். "எத்தனை வீட்டுல உருகின பிளக்கைக் கழட்டியிருக்கேன் தெரியுமா" என்று அவன் சொன்னபோது முகத்தில் விளையாட்டே இல்லை. இப்படிப்பட்ட ஒயர்களை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கையில் கொடுத்து அனுப்புவது பெரிய தவறு.

அப்படியானால் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிடுவோம், ஆறு பின் ஒயரோடு வருகிற பெரியதாக ஒன்று வாங்கலாம் என்றேன். தம்பி கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் வழக்கமாக 24 பின்கள் இருக்கும். எங்களுடையதில் எட்டுதான். கடையில் கிடைக்கும் எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நேராக அதில் சேராது. அதோடு உள்ளே இருந்த எஸ்.எம்.பி.எஸ். நீளமாக, ஒல்லியாக, ஒரு செங்கல்லைப் பாதியாகப் பிளந்ததுபோல இருந்தது. அந்தக் குழிக்குள் வேறு எதுவும் உட்காராது. திருகுத் துளைகள்கூட வேறு இடத்தில்.

இங்கேதான் என் மனவருத்தம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவுமுறை 1995-இல் இருந்தே இருக்கிறது. யார் செய்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் யார் செய்த மதர்போர்டிலும் சேரட்டும் என்பதற்காகத்தான் அது. பெரிய நிறுவனங்கள் அதை விட்டு விலகத் தொழில்நுட்பக் காரணம் இல்லாமல் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும், 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மதர்போர்டே தயாரித்துக்கொள்ளும் என்று வைத்தால் ஒயர்கள் குறையும், சும்மா இருக்கும் நேரத்தில் மின்சாரமும் மிச்சமாகும். பிற்பாடு இன்டெல்லே இதே யோசனையில் பத்து பின் உள்ள ஒரு பொது அளவுமுறையைக் கொண்டுவந்தது. ஆகவே வேறு மாதிரி செய்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வாங்குபவரிடம் அதைச் சொல்லாமல் விட்டதைத்தான் சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் பிராசஸர் பெயர் இருந்தது, ராம் அளவு இருந்தது, ஹார்டு டிஸ்க் அளவு கொட்டை எழுத்தில் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், என்ன பிளக், எவ்வளவு நீளமான கார்டு உள்ளே போகும் என்று ஒரு சொல் இல்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இது அவர்கள் ஒருவர் பழக்கம் மட்டுமல்ல.

விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தம்பிதான் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தான். தூசியைத் துடைத்ததும் தெரிந்தது: 290 வாட். கார்டின் பெட்டியிலோ 300 வாட் எஸ்.எம்.பி.எஸ். பரிந்துரைக்கப்படுகிறது என்று போட்டிருந்தது. பத்து வாட் குறைகிறதே என்று எனக்குப் பயம். அவன் ஒரு தாளை எடுத்தான். பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 84 வாட். மதர்போர்டு, ராம், டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வைத்துக்கொள். கார்டுக்கு 75. ஆக 209. "பெட்டியில போட்டிருக்கிற 300 மொத்த கம்ப்யூட்டருக்கும் சேர்த்து, கையிருப்பும் வச்சுச் சொல்றது. நமக்கு இடம் இருக்கு. ஒயர் வேண்டாத கார்டா கொண்டு வா" என்றான்.

ஒயர் வேண்டாத கார்டு! அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மதர்போர்டில் கார்டைச் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி ஒயர் தேவையில்லை. அதே ஜி.டி.எக்ஸ். 1650-ஐ சில தயாரிப்பாளர்கள் கொஞ்சம் வேகம் கூட்டி ஆறு பின் சாக்கெட்டோடு விற்கிறார்கள், சிலர் சாக்கெட் இல்லாமலே விற்கிறார்கள். பெயர் ஒன்றுதான். ஆர்.டி.எக்ஸ். 3050-இல் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். 2022-இல் வந்த 8 ஜி.பி. கார்டு 130 வாட் இழுக்கும், தனி ஒயர் வேண்டும். 2024-இல் அதே பெயரில் வந்த 6 ஜி.பி. கார்டுக்கு 70 வாட் போதும், ஒயர் வேண்டாம். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

நல்ல வேளையாக முதல் கார்டை வாங்கிக்கொண்டு, ஒயர் வேண்டாத ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள். பொருத்தும் வேலையை நானே செய்தேன். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து உள்ளே மிச்சமிருந்த மின்சாரத்தை இறக்கினேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலிருந்த நிலைமின்சாரத்தையும் போக்கிக்கொண்டேன். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் என்பதால் பக்கத்தில் இருந்த வைஃபை கார்டை வேறு ஸ்லாட்டுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. கார்டின் தங்கநிறப் பற்கள் பள்ளத்தில் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினேன். முதலில் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தத் தயக்கம். மகள் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு 'டக்' என்று ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கி மேலே எழுந்து பூட்டிக்கொண்டது.

ஆன் செய்தால் திரை கறுப்பு. மானிட்டர் ஒயர் இன்னும் பழைய மதர்போர்டு சாக்கெட்டிலேயே இருந்தது. கார்டு வந்ததும் எங்கள் இயந்திரம் அந்தச் சாக்கெட்டை அணைத்துவிட்டிருக்கிறது. மாற்றிக் கார்டில் செருகலாம் என்றால், எங்கள் மானிட்டரில் இருப்பது நீலநிற வி.ஜி.ஏ. என்ற பழைய வகை இணைப்பு மட்டும். கார்டில் வி.ஜி.ஏ. இல்லை. டி.வி.ஐ. சாக்கெட் இருந்தது. அதன் நீளமான பட்டைத் துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால்தான் வி.ஜி.ஏ.வுக்கு வேண்டிய பழைய அனலாக் சிக்னல் வரும். இதில் அந்த நான்கும் இல்லை. அப்புறம் ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றித் தரும், உள்ளே சிறு சில்லு வைத்த கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கினோம். படம் வந்தது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போட்டோம். ஐம்பது நிமிடம் எடுத்த அதே சக்கரம் ஏழு நிமிடத்தில் ரெண்டர் ஆனது. புதிய பதிப்பு பிளெண்டரும் தகராறு செய்யாமல் திறந்தது. மகள் மவுஸைப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்பினாள். கையோடு சேர்ந்து ஆரக்கம்பிகளும் சுழன்றன. திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

தங்கள் பக்கத்தில் வந்த பதில் எல்லோருக்கும் தவறு என்று சொல்லமாட்டேன். இரண்டு கோர் பிராசஸரும் 4 ஜி.பி. ராமும் உள்ள இயந்திரத்தில் கார்டு போடுவது வீண். உடல் ஒல்லியான கேபினெட்டுகளுக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் போகும். 2012-க்கு முந்தைய சில இயந்திரங்கள் புதிய கார்டை அடையாளம் காணாமலும் போகலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, நான்காம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-க்குத் தகுதியானது அல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. நாங்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். பழைய கார்டு வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நிறுத்தப்பட்டுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை.

இதையெல்லாம் சொல்லி, "உங்கள் எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் என்ன போட்டிருக்கிறது?" என்று அந்த வாசகரைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அதுதான் என் ஆதங்கம். 2022-இல் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல நிலையில் ஓடும் ஒரு பெட்டி, ஆறு பின் ஒயர் இல்லை என்பதற்காக அந்தக் குவியலில் போய்ச் சேர வேண்டுமா?

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். புதிய டெஸ்க்டாப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் மதிப்புரை வரும்போது, பிராசஸரையும் ராமையும் எழுதுவதுபோலவே எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், மதர்போர்டு பிளக் எத்தனை பின், கார்டுக்கான பவர் ஒயர் உண்டா, கார்டு எவ்வளவு நீளம், உயரம் வரை போகும் என்ற நான்கையும் தவறாமல் போடுங்கள். நாளிதழ் கேட்க ஆரம்பித்தால் நிறுவனங்களும் பெட்டியின் மேல் அச்சிடத் தொடங்குவார்கள் என்று நம்புகிறேன். இரண்டாவது, கேள்வி கேட்ட அந்த வாசகருக்கு. ஐயா, அல்லது அம்மா, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் மின்இணைப்பைப் பிடுங்குங்கள், பக்கத் தகட்டைக் கழற்றுங்கள், லேபிளில் உள்ள எண்ணைக் குறித்து இதே பக்கத்துக்கு மறுபடியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்