தேயிலை விலை ஏறவில்லை, இறங்கியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலையின் 250ஆம் ஆண்டையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தேயிலைக்குக் கடும் வரி போட்டதால் விலை ஏறியது, கொதித்த மக்கள் பெட்டிகளைக் கடலில் எறிந்தனர், 1776 ஜூலை 4இல் சுயாட்சி பிறந்தது என்று கதை போகிறது. இதில் தொடக்கமும் முடிவும் சரியில்லை.

1773 தேயிலைச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. ராத்தலுக்கு 3 பென்ஸ் சுங்கம் 1767இலேயே வந்தது. கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம் ஆகியவற்றின் மீதான சுங்கத்தை 1770இல் நீக்கியபோது தேயிலைக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் ஏலத்தையும் இடைவியாபாரிகளையும் ஒதுக்கிவிட்டு நேரே அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்ப 1773 சட்டம் அனுமதித்தது. பிரிட்டனில் கட்டிய இறக்குமதிச் சுங்கத்தையும் திருப்பிக் கொடுத்தது. இதனால் கடத்தி வந்த டச்சுத் தேயிலையைவிட மலிவாகவே விற்க முடிந்தது. (கம்பெனிக்கு இந்தச் சலுகை, அது கடனில் மூழ்கியிருந்ததால். அதற்கு வங்காளப் பஞ்சமும் ஒரு காரணம். 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்ததில் லண்டனில் அதன் பங்கு விலை சரிந்தது. நம் ஊர்ச் சங்கதி, கட்டுரையாளர் விட்டிருக்க வேண்டாம்.)

விலை இறங்கியும் ஏன் எதிர்த்தார்கள்? அந்த 3 பென்ஸ் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். பாஸ்டன் நகரம் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநரை நியமிப்பவர் பிரிட்டிஷ் மன்னர்; ஆனால் ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்குவது, மக்கள் தேர்ந்தெடுத்த சபை, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு. ஆளுநர் முரண்டு பிடித்தால் சம்பளம் தாமதமாகும். குடியேறிகளின் உண்மையான அதிகாரம் இந்தப் பிடியில்தான் இருந்தது. சுங்க வருமானத்திலிருந்தே ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தரலாம் என்று 1767 சட்டம் வழி செய்தது. 1772இல் ஆளுநர் ஹட்சின்சனுக்கு அப்படித்தான் சம்பளம் என்று தெரிந்தது. அடுத்து உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் என்று செய்தி வந்தது. அந்த நவம்பரிலேயே பாஸ்டன் ஊர்க்கூட்டம் கடிதத் தொடர்புக் குழுவை அமைத்து மற்ற ஊர்களுக்கு எழுதத் தொடங்கிவிட்டது. தேயிலைக்கு ஓராண்டு முந்தைய நிகழ்ச்சி இது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பெட்டிகளை எறிந்த இரவும் ஆத்திரத்தில் அமைந்த இரவல்ல. கப்பல் வந்து 20 நாளுக்குள் சுங்கம் கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். தேயிலையோடு டார்ட்மவுத் கப்பல் பாஸ்டனுக்கு வந்தது 1773 நவம்பர் 28. சுங்கம் கட்டாமல் திரும்பிப்போக ஹட்சின்சன் அனுமதிச் சீட்டு தர மறுத்தார். டிசம்பர் 16, கெடுவின் கடைசி இரவு. 342 பெட்டிகள் அன்று நீரில் விழுந்தன.

இதற்குத் தண்டனையாக லண்டன் அரசு பாஸ்டன் துறைமுகத்தை மூடியது எல்லோருக்கும் தெரியும். அதைவிட ஆழமாகத் தைத்தது 1774இன் மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். மேலவையை இனி மன்னரே நியமிப்பார். ஆளுநர் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒரு ஊர்க்கூட்டம்தான். செப்டம்பர் 6 அன்று வூஸ்டர் நகரில் 4,622 ஊர்க்காவல் படையினர் திரண்டு நின்று நீதிமன்றத்தைக் கூடவிடாமல் செய்தனர். அடுத்த மாதம், ஹட்சின்சனுக்குப் பின் வந்த ஆளுநர் கேஜ் ரத்து செய்த சபையின் உறுப்பினர்கள் தாங்களாகவே கூடி மாகாண காங்கிரஸ் ஆனார்கள். வசூலித்த வரியை மன்னரின் பொருளாளர் ஹாரிசன் கிரேயிடம் கட்ட வேண்டாம், ஹென்றி கார்ட்னரிடம் கட்டுங்கள் என்று ஊர்களுக்கு எழுதினார்கள். எல்லா ஊர்களும் உடனே கட்டிவிடவில்லை என்பது வேறு விஷயம். சுயாட்சிக்குப் பிறந்த தேதி ஒன்று வேண்டுமென்றால் 1774 அக்டோபர் என்றே சொல்வேன்.

அதே அக்டோபரில், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பிலடெல்பியா காங்கிரஸ் பிரிட்டிஷ் சரக்குகளின் இறக்குமதிப் புறக்கணிப்பைத் தீர்மானித்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊரிலும் வாக்குரிமை உள்ளவர்கள் கண்காணிப்புக் குழு தேர்ந்தெடுக்கச் சொன்னது. மீறியவர் பெயர் பத்திரிகையில் வரும். அண்டை வீட்டாரை வேவு பார்க்கும் அமைப்பு என்றும் இதைச் சொல்லலாம். அரசு இயந்திரத்தின் இடத்தைப் பிடித்ததும் இதுதான்.

1776க்குப் பிறகு வந்த அரசமைப்புகளைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. கனெக்டிகட் பழைய சாசனத்தையே, மன்னருக்குக் கட்டுப்படுவதை மட்டும் நீக்கிவிட்டு 1818 வரை வைத்துக்கொண்டது. மாசசூசெட்ஸ் ஊர்களோ 1778 வரைவை நிராகரித்தன: உரிமைப் பட்டியல் இல்லை, எழுதியதும் சட்டமன்றமே. தனியாக மாநாட்டைத் தேர்ந்தெடுத்து எழுதிய பிறகே 1780இல் ஏற்றார்கள். 1781இல் தங்கள் சொந்த மத்திய காங்கிரஸ் 5 சதவீத இறக்குமதிச் சுங்கம் கேட்டபோது 13 மாநிலங்களும் இசைய வேண்டியிருந்தது. ரோட் ஐலண்ட் மறுத்துவிட்டது. தொலைவிலிருக்கும் சபையின் கையில் தனி வருமானம் சேரக்கூடாது என்ற பழைய அச்சம் லண்டனோடு முடியவில்லை. இன்றைய அமெரிக்க அரசமைப்பை எழுதிய 1787 மாநாட்டை, இப்படித் தனி வருமானமின்றிக் காலியாகக் கிடந்த மத்திய கஜானாவைச் சொல்லாமல் விளக்க முடியாது.

படக்குறிப்பும் திருத்த வேண்டியதே. ஜான் டிரம்புல் வரைந்த அந்த ஓவியம் ஜூலை 4 கையெழுத்துக் காட்சி அல்ல. வரைவுக்குழு ஜூன் 28 அன்று பிரகடனத்தைக் காங்கிரஸ் முன் வைக்கும் காட்சி. விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி.