மருந்துச் சீட்டின் கடைசி வரி

எடைக்குறைப்பு ஊசி எழுதித் தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஓராண்டுக்கும் மேலாக வாரம் ஒரு முறை வயிற்றில் ஊசி போட்டுக்கொள்பவள் நான். முதல் நாள் வாங்கிய மருந்துச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மருந்தின் பெயர், முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம், பிறகு 0.5, எந்தக் கிழமை, எங்கே குத்துவது என எல்லாம் தெளிவாக இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: 'உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி.' எவ்வளவு, எப்படி, யாரிடம் கேட்பது? ஒன்றும் இல்லை. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஊசியை வைய வரவில்லை. 'வாயைக் கட்டு' என்ற அறிவுரையை இருபது ஆண்டுகள் கேட்டுப் புளித்தவள் நான். மூன்று முறை பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்தேன். மூன்று முறையும் வட்டியோடு திரும்பி வந்தது. ஊசி தொடங்கிய மூன்றாம் வாரம், தட்டில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அடுத்த வேளை என்ன சாப்பிடலாம் என்று மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோயிருந்தது. மற்றவர்கள் இத்தனை நாளாக இப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்களா என்று அன்று எனக்குக் கோபமே வந்தது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் வேலையைச் செய்யும், என் ஊசியில் உள்ள செமாகுளூடைட் மருந்து ஒரு வாரம் தாங்கும். பசி அடங்குகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. இதில் மன உறுதிக்கு என்ன பங்கு?

ஆனால் நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள். 2021-இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் 1,961 பேர் 68 வாரம் கலந்துகொண்டார்கள். செமாகுளூடைட் பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 சதவீதம். இது எல்லோருக்கும் தெரியும். அந்த இரு குழுவினருக்கும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஆலோசகர் ஒருவர் உணவையும் நடமாட்டத்தையும் பற்றிப் பேசினார், நாளுக்கு 500 கலோரி குறைக்கச் சொன்னார், வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு இலக்கு வைத்தார் என்பதை எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறீர்கள்? ஊசியும் ஆளும் சேர்ந்து கிடைத்த பலனைக் காட்டி, எங்கள் கையில் ஊசியை மட்டும் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

'அந்த 2.4-ஐப் பார்த்தாயா, அறிவுரையால் என்ன பெரிய பயன்?' என்று என் தம்பி மடக்குகிறான். நியாயமான கேள்விதான். அறிவுரையை மட்டும் நம்பிப் பெரிய எடை குறையாது என்பதற்கு அதுவே சாட்சி. 'இன்னும் நீ முயலவில்லை' என்று எங்களைத் திட்டுவதை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உடல்நலம் தராசு முள்ளோடு முடிந்துவிடுவதில்லையே. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் உடலுழைப்பையும் தொடர்ந்த வழிகாட்டுதலோடு மாற்றியபோது, நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை பெற்றவர்களுக்கு அது 31 சதவீதம்தான் குறைந்தது.

என் கதைக்கு வருகிறேன். ஒன்பது மாதத்தில் 17 கிலோ குறைந்தது. பாராட்டினார்கள். ஒருநாள் தரையில் உட்கார்ந்து அலமாரியை ஒழுங்குபடுத்திவிட்டு எழப் பார்த்தேன். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பசியில்லை என்று பல நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, அதையும் சாதனையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ஸ்டெப்-1 ஆய்வில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, குறைந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத எடை என்பது பிறகுதான் தெரிந்தது. அது முழுவதும் தசை அல்ல என்பதும் தெரியும். ஆனாலும் புரதம் எவ்வளவு வேண்டும், தசைக்கு எந்தப் பயிற்சி என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் என் முழங்கால் பிழைத்திருக்கும். தசை வலுவுக்கான பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்கிறது. நடந்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இடையில் மருந்து தட்டுப்பாடாகி ஏழு வாரம் ஊசி இல்லை. பசி பழைய பாக்கியை வசூலிக்க வந்ததுபோல வந்தது. மருந்து கிடைத்ததும் விட்ட அளவிலேயே தொடங்கி இரண்டு நாள் வாந்தியெடுத்தேன். பல வாரம் விட்டுப்போனால் மறுபடி குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. குமட்டல், மலச்சிக்கல் பற்றிச் சொன்னீர்கள், சரி. பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு வரலாம், வயிற்றுவலி கடுமையாக நீடித்தால் காத்திருக்கக் கூடாது என்பதைத் துண்டுத்தாளில் பொடி எழுத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் அப்படித்தான். ஸ்டெப்-1 முடிந்து ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டென்மார்க்கில் 195 பேரிடம், இதே வகையைச் சேர்ந்த லிராகுளூடைட் மருந்தை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சை நின்று ஓராண்டு ஆன பிறகு, மருந்தோடு உடற்பயிற்சியும் செய்திருந்தவர்களுக்குத் திரும்பிய எடை, மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட வெகுவாகக் குறைவு. எங்களில் பலர் பணத்தாலோ உடல் ஒவ்வாமையாலோ என்றாவது நிறுத்தத்தான் போகிறோம். அன்றைக்கான ஏற்பாட்டை முதல் நாளே பேசக் கூடாதா?

உங்களுக்கு நேரமில்லை என்று தெரியும். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் நீங்களே பேச வேண்டாம். மாதம் ஒரு முறை எங்களை உணவியல் வல்லுநரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் அனுப்புங்கள். எடையோடு இடுப்புச் சுற்றளவையும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் குறித்துவையுங்கள். ஏதோ விழாவுக்குள் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்று வருபவர்களுக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

அடுத்த வாரம் எனக்குப் பரிசோதனை நாள். அந்தப் பழைய சீட்டையும் எடுத்து வருகிறேன். கடைசி வரிக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
61-ஆவது வாரத்து ஊசியை நேற்றுப் போட்டுக்கொண்டவள்