ரோல் கேஜ் அளவுகள் பட்டறைச் சுவரில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வசந்தகாலம் நெருங்கினால் நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய கார்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். மலைப்பாதையில் வேகமாக ஏறும் மோட்டார் பந்தயமான மகாகஸ்தோட்டை மலையேற்றம் 1934இல் தொடங்கியது. ராதல்ல மலையேற்றம், நுவரெலியா வீதி ஓட்டம், தியத்தலாவை பொக்ஸ்ஹில் எல்லாம் மலையகத்து மண்ணின் மோட்டார் பந்தயங்கள்தான். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவைப் பந்தயத்தில் கார் பார்வையாளர்கள்மேல் பாய்ந்து 7 பேர் உயிரிழந்த பிறகு, பார்வையாளர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது பற்றி நிறையப் பேசப்பட்டது. பேச வேண்டிய விடயம்தான். ஆனால் கார் புரண்டால் காப்பாற்ற, காருக்குள் ஓட்டுநரைச் சுற்றி நிற்கும் குழாய்க் கூட்டை, பட்டறையில் 'ரோல் கேஜ்' என்று சொல்வதை, எந்தக் குழாயில் எப்படி வெல்டிங் செய்து ஒட்டுகிறார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஒஸ்டின் மினி, போர்ட் எஸ்கோர்ட், டட்சன் 1200 போன்ற பழைய உடல்களில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

எப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதிகளில், 'ஜே' பின்னிணைப்பின் 253ஆம் உறுப்புரையில் கேஜின் அளவுகள் உள்ளன. அந்த விதிகள் வெளியாவது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். காரின் சொந்தக்காரர் அதைத் தன் போனில் வைத்திருப்பார். வெல்டிங் டோர்ச்சைப் பிடிக்கும் பாஸிடம் (ஒட்டு வேலைக்காரரிடம்) வந்து சேர்வதோ, "ஒன்றரை இஞ்சி பைப்பில அடிங்க பாஸ்" என்ற ஒரு வாய்ச்சொல் மட்டுமே. கோளாறு அந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. விதியில் உள்ள ஒன்றரை அங்குலம் குழாயின் வெளி விட்டம். ஏறத்தாழ 38 மி.மீ. ஹார்ட்வெயார் கடையின் ஒன்றரை அங்குலம் தண்ணீர்க் குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர். அதன் வெளி விட்டம் 48.3 மி.மீ. பெயர் ஒன்று, சாமான் வேறு.

கேஜுக்கு வேண்டியது குளிர்நிலையில் இழுத்துச் செய்த, மூட்டில்லாத சாதாரணக் காபன் உருக்குக் குழாய். காபன் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இழுவை வலிமை சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 350 நியூட்டன் இருக்க வேண்டும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எழும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும். முன்வளைவு, பின் தாங்கிகள், குறுக்குச் சட்டங்களுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. இவையெல்லாம் ஆகக் குறைந்த அளவுகள். தடிப்பில் அரை மில்லிமீற்றர் குறைந்தாலும் அது கேஜ் அல்ல.

கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, தராசு இருக்கிறது. 45க்கு 2.5 குழாய் ஒரு மீற்றர் 2.6 கிலோ வரும். 6 மீற்றர் நீளம் 15.7 கிலோ. 50க்கு 2 என்றால் மீற்றருக்கு 2.37 கிலோ, 38க்கு 2.5 என்றால் 2.19 கிலோ. நிறை குறைந்தால் சுவர் மெலிந்த குழாய். பிறகு வெட்டிய வாய்க்குள் விரலை விட்டு நீளவாக்கில் தடவிப் பாருங்கள். விரலில் ஒரு வரம்பு தட்டினால் அது தகட்டைச் சுருட்டி ஒட்டிய குழாய். சில குழாய்களில் அந்த வரம்பைச் சீவியிருப்பார்கள். அப்போது உள்ளே டோர்ச் லைட் அடித்துப் பார்த்தால் ஒரு கோடாகத் தெரியலாம். கோடும் தெரியாவிட்டால் குழாயோடு வரும் ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

நாகம் (துத்தநாகம்) பூசிய ஜி.ஐ. பைப்பை எந்த நிலையிலும் தொடாதீர்கள். அதன் மேலுள்ள நாகம் 907 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருகுவதோ 1500 பாகைக்குக் கிட்ட. உருகிய ஒட்டுக்குள் அந்த ஆவி புகுந்து தேன்கூடு போலத் துளை விடும். அதைச் சுவாசித்தவருக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் உடம்பு நோவும் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இதைவிடப் பயங்கரம் பிரேக் கிளீனர். குளோரீன் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங்கின் மின்சுடரான ஆர்க் பட்டால் பொஸ்ஜீன் வாயு உண்டாகும். கொஞ்சம் சுவாசித்தாலும் உயிருக்கு ஆபத்து. துடைக்க அசற்றோன் போதும், அதுவும் முழுதாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும்.

குழாயை வளைக்கும்போதும் இதே அளவுக் குழப்பம்தான். ஜெக் வைத்த தண்ணீர்க் குழாய் வளைப்பானின் அச்சு 48.3, 42.4 போன்ற குழாய்களுக்குச் செய்தது. 45 மி.மீ. குழாய் அதில் தளர்ந்து உட்கார்ந்து, வளைவின் உட்பக்கம் மடிந்து, வெளிப்பக்கம் தட்டையாகும். வளைவின் மைய ஆரை குழாய் விட்டத்தின் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்; 45 மி.மீ. குழாய்க்கு 135. வளைத்த இடத்தைக் கலிபரால் இரண்டு திசையிலும் அளந்து, சின்ன அளவைப் பெரிய அளவால் பிரியுங்கள், 0.9க்குக் கீழே வந்தால் அந்தத் துண்டு கழிவுதான். காய்ச்சி வளைக்கக் கூடாது. மணல் நிரப்பிக் காய்ச்சினால் அழகாக வளையும், ஆனால் குளிர்நிலையில் இழுத்ததால் குழாய்க்குக் கிடைத்த வலிமை அந்த நெருப்போடு போய்விடும்.

இனி, பெரும்பாலான கேஜ்கள் தோற்கும் இடமான காலடிக்கு வருவோம். மலையகத்து ஒட்டு வேலைக்காரர்களின் கை தேயிலைத் தொழிற்சாலையில் பழகிய கை. ரோலர், ட்ரையர், கூரைச் சட்டம், கேட் என்று 5, 6 மி.மீ. இரும்பில் ஆர்க் அடித்துத் தேர்ந்த கை. மினியின் தளத் தகடு 0.9 மி.மீ. அளவுதான். அதன்மேல் குழாயை நேரே நிறுத்தி ஒட்டினால், கார் புரளும்போது குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். கூரை அதே அளவுக்கு ஓட்டுநரின் தலையை நோக்கி இறங்கும். ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

அதனால் பிரதான வளைவு, முன்வளைவு ஆகியவற்றின் ஒவ்வொரு காலுக்கும் கீழே 3 மி.மீ. தடிப்பில் குறைந்தது 120 சதுர செ.மீ. தகடு வேண்டும், 10க்கு 12 செ.மீ. வெட்டினால் சரியாக வரும். பின் தாங்கிகளின் காலுக்கு 60 சதுர செ.மீ. தகட்டைத் தளத்தில் மட்டும் படுக்க வைக்காமல், எல் வடிவில் மடித்துச் சில் பெட்டியின் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம்) பக்கத்திலும் ஏறவிடுங்கள். மூலைகளை வட்டமாகச் சீவுங்கள், கூர்மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். ஒட்டும்போது ஆர்க்கைத் தடித்த தகட்டில் பிடித்து, உருகிய குழம்பை மெல்லிய தகட்டின் மேல் வழியவிட வேண்டும். மெல்லியதில் பிடித்தால் ஓட்டை விழும், அந்த ஓட்டையை நிரப்ப நிரப்பப் பெருகும். போல்ட்டில் பூட்டும் கேஜ் என்றால் பிரதான, முன் கால் ஒவ்வொன்றுக்கும் மூன்று, பின் தாங்கிக் காலுக்கு இரண்டு. எம்8க்கு (8 மி.மீ. போல்ட்) குறையாமல், தலையில் 8.8 என்று அடித்த போல்ட்.

கூரைக்கு அடியிலுள்ள மூட்டுகள் இன்னொரு தலைவலி. குழாயைச் சுற்றி முழு வட்டமும் ஒட்ட வேண்டும் என்பது விதி. கூரைத் தகடு தடுப்பதால் மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்பாதியை மட்டும் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்த கேஜ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கு வழி இருக்கிறது. கால்கள் நேரே தளத்தில் நிற்காமல், 3 மி.மீ. தகட்டில் செய்த சிறு பெட்டிகளின் மேல் நிற்கும்படி கேஜை அளந்துகொள்ளுங்கள். பெட்டிகளை வைக்காமல் கேஜைத் தளத்தில் இறக்கினால் கூரைக்கும் குழாய்க்கும் நடுவே வெல்டிங் டோர்ச் நுழைய இடம் கிடைக்கும். மேல் மூட்டுகளை முழு வட்டமும் ஒட்டி முடித்து, கேஜைத் தூக்கிப் பெட்டிகளைக் கீழே செருகி ஒட்டிவிடலாம். இதற்கு ஒரு நாள் கூடுதலாகும். அந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க மறுக்கும் சொந்தக்காரர்கள், புதிய சில்லுக்கும் டயருக்கும் எவ்வளவு செலவழித்தார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கேஜுக்கு முன்னால் உடலில் உறுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் மினிகளில் உப்புக்காற்று தின்ற சில் பெட்டியின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஈரம் அடைபட்டு, நமது பனியிலும் மூடுபனியிலும் மிச்சமும் உக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பட்டிப் பூச்சும் பெயின்ட்டும் உதிர்ந்து முனை உள்ளே போனால், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்காமல் கேஜ் பேச்சே வேண்டாம். வெட்டுமுன் காரை நான்கு ஸ்டேண்டில் சமமட்டத்தில் வைத்து, கதவு வாயில் குறுக்கே ஒரு சதுரக் குழாயை டெக் (சிறு ஒட்டு) போட்டு நிறுத்துங்கள். ஜெக்கில் தூக்கியபடி சில் பெட்டியை வெட்டிய மினியின் கதவு, பிறகு எந்தக் காலத்திலும் ஒழுங்காகச் சாத்தாது. வாயுவின் காவலில் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கில், தகட்டுக்கு 0.6 மி.மீ. கம்பி, குழாய்க்கு 0.8. தகட்டில் ஒரு செ.மீ. அளவுக்கு ஒட்டி, புறங்கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு, அடுத்ததைத் தூரத்தில் போடுங்கள். அவசரத்தில் ஈரத் துணி போட்டு ஆற்றாதீர்கள்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தை மாதக் காலையில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும். சுடர் காட்டினால் முதலில் வியர்த்து, பிறகு காயும். காய்ந்த பின்பே ஒட்ட வேண்டும். ஆர்க் வெல்டிங்குக்கான 7018 ரொட்டைத் திறந்த பெட்டியில் வைத்தால் ஈரம் குடிக்கும், அந்த ஈரத்தின் ஐதரசன் ஒட்டைப் பின்னால் வெடிக்க வைக்கும். மிக் வெல்டிங்கில் காற்றுதான் எதிரி. வாயை மூடாத கொட்டகையில் மலைக்காற்று வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும், ஒட்டு நுரைத்துப் போகும். வாயுவைக் கூட்டாதீர்கள், படங்கைக் கட்டுங்கள். மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் பட்டறைகளில் மாலை ஆறு மணிக்கு மேல் வோல்ட் இறங்கும். அப்போது போடும் ஒட்டு பார்வைக்குத் தடிப்பாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது.

பிடித்ததா என்று அறிய ஒரு சோதனை போதும். அன்றைக்கு அதே மெஷினில், அதே குழாயின் வெட்டுத் துண்டை ஒரு தகட்டில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, வைஸில் இறுக்கி, ஒட்டுப் பக்கமாகச் சுத்தியலால் மடியுங்கள். இரும்பு கிழிந்து வந்தால் நல்லது. ஒட்டு தோல் உரிவதுபோல வழுவழுவென்று கழன்றால், அந்த மெஷினைக் காரின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நாங்கள் கேட்பது இரண்டு. பந்தயத்தை நடத்தும் கழகங்கள் கேஜைப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பார்வையிட வேண்டும். பெயின்ட்டும் பஞ்சும் போர்த்திய மூட்டில் யாராலும் எதையும் காண முடியாது. தொழிற்பயிற்சி அதிகார சபையும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் மலையகத்தில் நடத்தும் வெல்டிங் வகுப்புகளில், ஒரு மி.மீ. தகட்டு வேலைக்கும் வட்டக் குழாய் மூட்டுக்கும் சில நாட்களாவது ஒதுக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குழாயின் விட்டம், தடிப்பு, மீற்றர் நிறை, காலடித் தகட்டின் அளவு ஆகியவற்றை மட்டும் ஒரு கட்டத்துக்குள் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தாருங்கள். வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கார் ஒட்டு வேலை செய்வோர்,
தலவாக்கலை – நுவரெலியா