எந்தத் தேதியில் விடுவார்கள்?

தலவாக்கலை

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நீ அனுப்பிய காசில் போட்ட தகரம் இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. தோட்டத்து லயத்தில் பார்க்கிற எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ போன் எடுப்பதில்லை என்று தங்கச்சி சொன்னாள். வேலை அதிகமாக இருக்கும். சரி.

டியூஷனுக்கு வரும் பிள்ளை ஒன்று போன கிழமை ஒரு கேள்வி கேட்டது. "முதலாம் உலக யுத்தம் நாலு வருஷம் நடந்தது என்றால், நாலு வருஷமும் சுட்டுக்கொண்டே இருந்தார்களா சேர்?" அதற்குப் பதில் தேடப் போய், இரண்டு மூன்று இரவு தூங்காமல் படித்துவிட்டேன். சரித்திரத்தில் என்னைவிட நீதான் கெட்டிக்காரன், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அப்படி யாராலும் முடியாது. பிரிட்டிஷ் படையில் ஒரு பட்டாளத்தை முன்வரிசைப் பதுங்குகுழியில் சில நாள், அதற்குப் பின்னால் சில நாள், அப்புறம் ஓய்வுக்கு என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். 1916ல் பிரான்சில் நடந்த வெர்டன் சண்டையில் தளபதி பெத்தாங் பிரெஞ்சுப் படைகளை அப்படித்தான் சுழற்றினார். ஜெர்மன்காரரோ படைப்பிரிவை அங்கேயே வைத்துக்கொண்டு, செத்தவர் இடத்தில் புது ஆட்களைப் போட்டார்கள். இரண்டாம் யுத்தத்தில் அமெரிக்க டாக்டர்மார் கணக்குப் பார்த்தார்கள். காலாட்படைக்காரன் ஒருவன் சண்டைக்குள் 200 முதல் 240 நாள்வரை தாங்குவான், அதற்குமேல் அவன் மனது விட்டுப்போகும் என்றார்கள். 12 நாளுக்குள் வெளியே எடுத்து நாலு நாள் ஓய்வு கொடுத்த பிரிட்டிஷ்காரன் 400 நாள்வரை தாங்கினானாம். வியட்நாமுக்குப் போன அமெரிக்கனுக்கு 12 மாதம், மரைன் படை என்றால் 13. திரும்பும் தேதி தெரிந்துதான் போனான்.

யுத்தம் எத்தனை வருஷம் என்பது வேறு தம்பி, ஒருவன் அதற்குள் எத்தனை நாள் நிற்கிறான் என்பது வேறு. வெளியே எடுக்க ஆள் இருந்தால் அவன் வருவான்.

பேராதனைப் பூங்காவில் நீ விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாயே, இரண்டாம் யுத்தத்தில், 1944ல், நேசநாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் அங்கேதான் இருந்தது. அந்த வருஷம் மார்ச்சில் சிண்டிட் என்ற பிரிட்டிஷ் படைகளை விமானத்தில் கொண்டுபோய் பர்மாக் காட்டில், ஜப்பான்காரருக்குப் பின்னால் இறக்கினார்கள். அப்படியான இடத்தில் 90 நாளுக்குமேல் ஆளை வைத்திருக்கக் கூடாது என்பது அவர்களின் தலைவர் விங்கேட்டின் கணக்கு. அவர் அந்த மாதமே விமானம் விழுந்து இறந்துபோனார். பிறகு படை அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லின் கைக்குப் போனது. அதைப் பிடி, இதைப் பிடி என்று அவர் விடவே இல்லை. மழை, மலேரியா, வயிற்றோட்டம், பசி. ஜூலையில் மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக நின்று அந்தப் படையின் 111ஆம் பிரிகேட்டை டாக்டர்மாரைக் கொண்டு பரிசோதித்தார். 2200 பேரில் தேறியவர்கள் 120 பேர்கூட இல்லை. அந்தத் தேறியவர்களையும் உடனே விடவில்லை, ஆகஸ்ட் 1 வரை காட்டிலேயே வைத்திருந்தார்கள். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டால் வாக்கை யாரிடம் போய்க் கேட்பது?

இந்த இடத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

இப்போது ரஷ்யா உக்ரேன் சண்டை நடக்கிறது. 2022 செப்டம்பரில் புட்டின் போட்ட ஆணைப்படி, அந்தப் படையில் கையெழுத்து வைத்தவனின் ஒப்பந்தம் தவணை வந்தாலும் முடியாது, ஆள்திரட்டல் முடியும்வரை நீளும். சொந்த நாட்டானுக்கே இந்தக் கதி. நம் நாட்டுப் பிள்ளைகளிடம் சண்டை இல்லாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போய், முன்வரிசையில் விட்டிருக்கிறார்கள். 2024ல் இங்கே பாதுகாப்பு அமைச்சே விசாரிக்க வேண்டி வந்தது. நேபாளம் அந்த வருஷம் ஜனவரியிலேயே ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் வேலைக்குப் போக அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டது.

தங்கச்சியைத் திட்டாதே. கொம்பனி சம்பளம் போடவில்லை, ரூமுக்கு வந்த ஒருத்தன் ஏதோ ஒரு வருஷ வேலை என்று பேசுகிறான், இவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது. எந்த நாடு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ பட்டாளத்துக்காரன் இல்லை தம்பி. லொறி ஓட்டுகிற வேலைதானே என்று நினைப்பாய். அங்கே லொறியும் குண்டு விழுகிற இடத்துக்குத்தான் போகும். ஒரு வருஷம்தானே என்றும் நினைப்பாய். அந்த ஒரு வருஷத்தை யார் எண்ணுவது? இங்கே கொழுந்து குறைந்தால் அரைப் பேர் என்று பாதி நாள் சம்பளம்தான் போடுகிறார்கள், வயிறு எரிகிறது, ஆனாலும் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு விடுகிறார்கள்.

நகை அடகில் இருப்பது அம்மாவுக்குக் கவலையே இல்லை. நீதான் அதை மனதில் வைத்துக்கொண்டு போன் எடுக்காமல் இருக்கிறாய். கட்டாருக்குப் போகும்போதும் டிக்கட் கையில் வந்த பிறகுதான் எங்களிடம் சொன்னாய். லயத்தில் முதன்முதலாக ஏ.எல். பாஸான பிள்ளை என்று உன்னை ஊரெல்லாம் சொன்னேன், ஒரு வார்த்தை என்னிடம் கேட்க உனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். பாட்டி கடைசிவரை பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றதையும் நீ பார்த்திருக்கிறாய்.

கையெழுத்து வைக்காதே. எவன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பு. உனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தால் எழுந்து வந்துவிடு. பாஸ்போட்டை யாரிடமும் கொடுக்காதே. கொம்பனி சம்பளம் தராவிட்டால் தோஹாவில் நம் தூதரகத்தில் எழுதிக் கொடு. திரும்பி வரும் டிக்கட்டுக்கு ஹட்டன் மாமாவிடம் கேட்டேன், உடனே சரி என்றார். கையெழுத்து மட்டும் வைக்காதே.

இந்தக் கடிதத்தைத் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அம்மாவைப் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. அவளிடம் முழங்கால் வலியைப் பற்றிக் கேள், அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

அப்பா