அந்த உறைக்குள் என்ன இருந்தது?

அன்புள்ள மாப்பிள்ளை,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய்: "மாமா, வெனோனா ஆவணங்கள் வந்த பிறகும் நீங்கள் ஏன் மெக்கார்த்தியைத் திட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்? உளவாளிகள் நிஜமாகவே இருந்திருக்கிறார்களே. அந்த ஆள் கத்தியதில் நியாயம் இருந்திருக்கிறதே?" நான் வாயெடுப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கிவிட்டாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் கேள்வியில் பாதி சரி என்பதுதான் காரணம். இதே கேள்வியை உன் வயதுப் பிள்ளைகள் வேறு சிலரும் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மெக்கார்த்தி, அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று 1950-களில் வேட்டையாடிய அமெரிக்க செனட்டர்.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சோவியத்துக்கு உளவு பார்த்ததாக மரண தண்டனை பெற்ற ரோசன்பெர்க் தம்பதி, உன் வயதில் எனக்கு இருவருமே அப்பாவிகள். சத்தியம் செய்து சொல்லியிருப்பேன். எங்கள் வட்டத்தில் அதைச் சந்தேகிப்பதே துரோகம். 1995 ஜூலையில் அமெரிக்க அரசு வெனோனாவை வெளியிட்டது. சோவியத் உளவுத்துறை மாஸ்கோவோடு பரிமாறிக்கொண்ட சங்கேதத் தந்திகளை உடைத்துப் படிக்க 1943-ல் தொடங்கிய திட்டம் அது. ஏறக்குறைய 3,000 தந்திகள், பலவும் அரைகுறையாக. ஜூலியஸ் ரோசன்பெர்க் உளவாளி என்பதில் அதற்குப் பிறகு சந்தேகம் வைக்க வழியில்லை. 2008-ல், அவருடன் சேர்த்துத் தண்டிக்கப்பட்ட மார்ட்டன் சோபெல் தம் 91-வது வயதில் தாமும் உளவு பார்த்ததை ஒப்புக்கொண்டார். லாஸ் அலமாஸ் ஆய்வகத்திலிருந்து அணுகுண்டு ரகசியங்களைக் கொடுத்த கிளாஸ் ஃபூக்ஸும் தியோடர் ஹாலும் கற்பனை இல்லை. இதையெல்லாம் படித்தபோது, இத்தனை வருடம் யாருக்காக வாதாடினோம் என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் எத்தல் ரோசன்பெர்க்? ரகசியக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தது அவர்தான் என்று வழக்கில் சொன்னது அவருடைய சொந்தத் தம்பி டேவிட் கிரீன்கிளாஸ். தன் மனைவியைக் காப்பாற்றப் பொய் சொன்னதாகப் பல பத்தாண்டுகள் கழித்து அதே மனிதர் சொன்னார். வழக்குக்கு முன் கிராண்ட் ஜூரியிடம் (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குழு) அவர் கொடுத்த ரகசிய சாட்சியம் 2015-ல் வெளியானது. அதில் அந்தத் தட்டச்சுக் கதையே இல்லை. 1953 ஜூன் 19 அன்று சிங் சிங் சிறையில் இருவரையும் மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்கு வயது பத்தும் ஆறும்.

சரி, இனி நீ தவறவிட்ட பாதி.

மெக்கார்த்தி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஊரில் பேசியது 1950 பிப்ரவரி 9. வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் 205 பேர் என்றார் என்பது அன்றைய செய்தி. சில நாளில் அது 57 ஆனது, செனட்டில் 81 ஆனது. வெனோனா அப்போது ரகசியம், அவர் கையில் அது இல்லவே இல்லை. அதைவிட முக்கியம், சோவியத் உளவு வலை அதற்கு ஐந்து வருடம் முன்பே அறுந்துவிட்டது. 1945-ல் ஒட்டாவாவில் இருந்த சோவியத் தூதரகத்தின் சங்கேத எழுத்தர் இகோர் கூசென்கோ கனடா பக்கம் தாவினார். அதே வருடம், சோவியத்துக்கு உளவு பார்த்துவந்த எலிசபெத் பென்ட்லி எஃப்.பி.ஐ.யிடம் போய்த் தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் சொன்னார். மாஸ்கோ தன் ஆட்களை அவசர அவசரமாக ஒதுங்கச் சொல்லியது. திருடன் ஓடிப்போன வீட்டில் ஐந்து வருடம் கழித்து நுழைந்து, குடியிருப்பவர்களை அடித்த கதை இது.

இன்னொன்று, மாப்பிள்ளை. 'மெக்கார்த்தியிசம்' என்று பெயர் வைத்ததாலேயே பழி ஒரே ஆள் தலையில் விழுந்துவிட்டது. இந்த எந்திரத்தைக் கட்டியவர் அவர் இல்லை. 1947 மார்ச்சில், மெக்கார்த்தி செனட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட முடியாதபோது, ஜனாதிபதி ட்ரூமன் 9835 எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு அரசு ஊழியரின் விசுவாசத்தையும் சோதிக்க வாரியங்கள் வந்தன. சந்தேகத்துக்குரிய சங்கங்கள் என்று சட்டத்துறைத் தலைவர் ஒரு பட்டியல் போட்டார். அதில் உள்ள சங்கத்துக்கு நீ என்றோ சந்தா கொடுத்திருந்தால் போதும். இதைத் தொடங்கியது ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி, லிபரல் கட்சி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொண்ட கட்சி.

அந்த வாரியங்கள் எப்படி வேலை செய்தன என்பதற்கு டோரத்தி பெய்லியின் வழக்கைப் படி. மத்திய வேலைவாய்ப்புச் சேவையில் இருந்தவர். அவர் கம்யூனிஸ்ட் என்று யாரோ சொன்னார்கள். யார்? அவருக்கு மட்டுமல்ல, விசாரித்த வாரியத்துக்கே பெயர் தெரியாது. சொன்னவர்கள் சத்தியப் பிரமாணமும் எடுக்கவில்லை. நம் ஊரில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: மொட்டைக் கடிதம். கறுப்பர் ரத்தம், வெள்ளையர் ரத்தம் என்று செஞ்சிலுவைச் சங்கம் பிரித்து வைப்பதைப் பற்றி நீங்கள் எப்போதாவது கடிதம் எழுதியதுண்டா என்றும் அவரிடம் கேட்டார்கள். அது எப்படி விசுவாசச் சோதனை ஆகும்? இன ஒதுக்கலை எதிர்ப்பதே சிவப்பின் அடையாளம் என்று நினைத்தவர்கள்தான் அப்படிக் கேட்க முடியும். 1951-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிளந்து நின்றது. போன வேலை திரும்பவில்லை.

மைலோ ரடுலோவிச்சைப் பற்றி உன்னிடம் முன்பே சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. விமானப்படை ரிசர்வில் லெப்டினன்ட், 26 வயது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய விசுவாசத்தில் குறை இல்லை என்று விமானப்படையே சொன்னது. குற்றம் என்னவென்றால், செர்பியாவிலிருந்து வந்த அப்பா ஒரு செர்பிய மொழிப் பத்திரிகை படிக்கிறார், சகோதரிக்கு இடதுசாரிச் சார்பு இருக்கிறது. அப்பாவையும் சகோதரியையும் விட்டு விலகினால் பிழைக்கலாம் என்ற நிலை. அவர் விலக மறுத்தார். விசாரணையில் சீல் வைத்த ஓர் உறையைக் காட்டினார்கள். ஆதாரம் அதற்குள் இருக்கிறதாம். அவரும் திறந்து பார்க்கக்கூடாது, அவருடைய வக்கீலும் பார்க்கக்கூடாது.

1953 அக்டோபர் 20 அன்று சி.பி.எஸ். செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ இதைத் தொலைக்காட்சியில் சொன்னார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தர சி.பி.எஸ். நிறுவனம் மறுத்ததால் அவரும் தயாரிப்பாளரும் சொந்தப் பணத்தைப் போட்டு நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் ரடுலோவிச்சின் பதவி தப்பியது. அவரைத் தேடி கேமரா வந்தது. கேமரா வராத ஊர்களில் எத்தனை உறைகள் சுற்றினவோ என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அடுத்தது உன் கேள்விக்கு நேர் பதில். ஆனி லீ மாஸ். சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்து, பிறகு பென்டகனில் ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவின் எழுத்தராக உயர்ந்த கறுப்பினப் பெண். 1954 மார்ச் 11 அன்று மெக்கார்த்தியின் செனட் விசாரணைக் குழு முன் நிறுத்தினார்கள். பாதியிலேயே மெக்கார்த்தி எழுந்து போய்விட்டார், குழுவின் வக்கீல் ராய் கோன் தொடர்ந்தார். வாஷிங்டனில் ஆனி லீ மாஸ் என்று மூன்று பேர் இருப்பதாக அந்தப் பெண் சொன்னார். கார்ல் மார்க்ஸைத் தெரியுமா என்றதற்கு "அது யார்?" என்றார். வேறொரு ரகசிய ஆதாரமும் தன்னிடம் இருப்பதாக கோன் சொன்னபோது, அர்கன்சாஸ் செனட்டர் மெக்லெல்லன் வெகுண்டார். வதந்தியை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்காதே என்றார். அரங்கம் கை தட்டியது.

நானும் இந்தக் காட்சியை எத்தனையோ கூட்டங்களில் சொல்லிக் கை தட்டல் வாங்கியிருக்கிறேன். மார்க்ஸ் யாரென்றே தெரியாத ஏழைப் பெண் என்று சொன்னதும் எல்லோரும் இளகிவிடுவார்கள். அப்புறம்தான் தெரிந்தது: 1958-ல் ஓர் அரசு வாரியம், 1940-களின் கம்யூனிஸ்ட் கட்சிப் பதிவேட்டில் அவர் பெயரும் அவர் முகவரியும் இருப்பதாகச் சொன்னது.

இதை வைத்துத்தான் உன்னைப் போன்றவர்கள் "பார்த்தீர்களா!" என்கிறீர்கள். நான் அதிலிருந்து வேறொன்று கற்றுக்கொண்டேன். 'பாவம், அப்பாவி' என்று சொல்லி ஒருவரைக் காப்பாற்ற நினைத்ததே என் தவறு. சட்டப்படி இயங்கிய ஒரு கட்சிக்கு அவர் சந்தா கட்டியிருக்கட்டும். அது உளவாகாது. அவர் உளவு பார்த்ததாக யாரும் காட்டவில்லை. உறுப்பினராகவே இருந்திருந்தாலும், தனக்கு எதிரான ஆதாரத்தைப் பார்க்கிற உரிமை அவருக்கு இருந்தது. மெக்லெல்லன் அன்று சொன்னது அந்தப் பதிவேடு கிடைத்த பிறகும் அப்படியே நிற்கிறது. வெனோனாவால் அசைக்க முடியாத இடம் இது. ஜூலியஸ் ரோசன்பெர்க் குற்றவாளி என்பது ரடுலோவிச்சின் உறையை நியாயப்படுத்தாது.

நாட்டைக் காப்பாற்றினார்கள் என்கிறாய். சீனாவைக் கரைத்துக் குடித்த வெளியுறவு அதிகாரிகள் ஜான் சர்வீஸ், ஜான் பேட்டன் டேவிஸ், ஜான் கார்ட்டர் வின்சென்ட். சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகளிடம் தோற்பார் என்று உள்ளதை உள்ளபடி எழுதியவர்களை, அவர் தோற்றதும், அதற்கு இவர்கள்தான் காரணம் என்று வேட்டையாடினார்கள். சர்வீஸை 1951-ல் நீக்கியது செல்லாது என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. திரும்ப எடுத்துக்கொண்டு லிவர்பூலுக்கு அனுப்பினார்கள்! டேவிஸ் பெரு நாட்டுக்குப் போய் மரச்சாமான் செய்து பிழைத்தார். பத்து வருடம் கழித்து வியட்நாம் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா, 1995-ல் வெளியிட்ட நூலில், ஆசியாவைத் தெரிந்தவர்கள் தங்கள் பக்கத்தில் இல்லாமல் போனார்கள் என்று எழுதி, இந்த மூன்று பெயர்களையும் குறிப்பிட்டார். அந்தப் போரில் செத்த அமெரிக்கர்கள் மட்டும் 58,000 பேர். வியட்நாமியர் எத்தனை லட்சம்!

தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களைத் துரத்தியதும் இதே எந்திரம்தான். மிரட்டலுக்குப் பணிந்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். உண்மையில் மிரட்டியது யார்? வயோமிங் செனட்டர் லெஸ்டர் ஹன்ட்டின் மகன் அப்படி ஒரு வழக்கில் சிக்கியதை வைத்து, சக செனட்டர்கள் இருவர் அவரைத் தேர்தலிலிருந்து விலகச் சொல்லி நெருக்கினார்கள். 1954 ஜூன் 19 அன்று அவர் தம் செனட் அலுவலகத்திலேயே தம்மைச் சுட்டுக்கொண்டார். தொழிற்சங்கங்கள் என்ன ஆயின, ட்ரூமனின் தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 'சோஷலிச மருத்துவம்' என்ற முத்திரை என்ன செய்தது என்பதெல்லாம் தனிக் கடிதத்துக்கு உரியவை. உன் மாத இன்சூரன்ஸ் தொகையைப் பற்றி நீ புலம்பும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஒரு காரியம் செய். மெக்கார்த்தி குழுவின் மூடிய அறை விசாரணைகள் ஐம்பது வருடம் கழித்து 2003-ல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. உன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும். மூடிய அறையில் திடமாகப் பதில் சொன்னவர்கள் பலரை வெளியே கூப்பிடவே இல்லை. இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் அப்படி ஒருவர். தடுமாறியவர்களைத்தான் கேமரா முன் நிறுத்தினார்கள். நீ கோப்லாண்டைத் தேட வேண்டாம். பெயர் கேள்விப்படாத ஒரு சாட்சியை, ஒரு குமாஸ்தாவையோ பொறியாளரையோ எடுத்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை படி. படித்துவிட்டுக் கூப்பிடு. இந்தத் தடவை உன் அம்மாவிடம் நான் அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா