ஹிப்னாடிச சிகிச்சைக்கும் வரம்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹிப்னாடிச சிகிச்சையை மாயமந்திரம் என்று ஒதுக்குபவன் அல்ல நான். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் இதன் பயனை ஏற்றுக்கொண்டன. என் கவலை, அதைச் செய்பவர்களின் தொழில் ஒழுக்கம் பற்றியது.

கண்களை மூடிச் சாய்ந்திருப்பவரிடம் "இப்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்பது வேறு, "அந்த அறையில் உங்களை அடித்தவர் யார்?" என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்வி, நடக்காத ஒன்றையே நினைவாக விதைத்துவிடக்கூடும். அந்த நிலையில் எழும் காட்சி கண்ணெதிரே நடப்பதுபோல் தெளிவாக இருக்கக்கூடும்; சொல்பவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கையும் வந்துவிடும். ஆனால் உண்மைக்கு அது உத்தரவாதம் ஆகாது. 1980, 90களில் இப்படி 'மீட்கப்பட்ட' நினைவுகளை நம்பி, பெற்ற தந்தைமீதே வழக்குத் தொடுத்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. முற்பிறவியைக் காட்டுகிறேன் என்று கட்டணம் வாங்குபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

வலி என்று வருபவரை முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வலி மட்டும் மறைந்து, உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தால் யார் பொறுப்பு? மனச்சிதைவு உள்ளவருக்கு மனநல மருத்துவரின் ஒப்புதல் இன்றி இதைச் செய்யவே கூடாது. சிகிச்சையின்போது வந்தவரின் கையைத் தூக்கிப் பார்ப்பதானாலும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும்.

ஒரே அமர்வில் புகைப்பழக்கம் போய்விடும் என்று விளம்பரம் செய்பவர்கள், போகாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா? சில வாரப் பயிற்சிக்கான சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுபவர்கள், தாங்கள் மருத்துவர் அல்ல என்பதையும் அதே சுவரில் எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்